பாட்டை முடிக்க மறுத்த பிள்ளை

பிள்ளை தப்பாக வாசித்தால் உடனே கையைப் பிடித்துத் திருத்திவிடாதீர்கள். வீடு வீடாகப் போய்ச் சிறு பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லித்தரப் புதிதாகக் கிளம்பியிருக்கும் உங்களிடம் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். கொஞ்சம் பொறுத்து, அந்தத் தப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். தெரியாமல் செய்கிற தப்பு கோழி மேய்கிற மாதிரி. இன்றைக்கு இங்கே கொத்தும், நாளைக்கு அங்கே கொத்தும். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, சுத்தமாக ஒரு தப்பு வந்துகொண்டே இருந்தால், அந்தப் பிள்ளை எதையோ காவல் காக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உப்பளத்துப் பெண்கள் சொல்வார்கள்: “கால்ல வெடிப்பு இருக்கவளுக்குத்தான் உப்பு எங்கன கெடக்குன்னு தெரியும்.” பிள்ளைக்கு வெடிப்பு எங்கே இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளையும் சொல்லாது. வாத்தியம்தான் சொல்லும். எனக்கு அதைச் சொன்னது ஒரு ஹார்ப்.

எழுபதுகளில் நான் மில்லர்புரத்தில் குடியிருந்தேன். பிறந்த ஊர் நாசரேத் பக்கம். இசையை முறையாகப் படித்தவள் இல்லை. எங்கள் புராட்டஸ்டண்ட் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த மாதிரி உட்கார்ந்தேன்; அப்படியே இருந்துவிட்டேன். பிறகு வயலின், மாண்டலின், பியானோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் நானாகத் தடவித் தடவிப் பழகினேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதுமாக இருந்தது. பாட்டு வாத்தியம் எதுவானாலும் “அந்த டீச்சரைக் கூப்பிடு” என்பார்கள்.

அப்படித்தான் கடற்கரைத் தெருவிலிருந்து மிக்கேல் வந்து கூப்பிட்டார். அவர் தோணியில் தண்டல். மாலுமிகளுக்குத் தலைவர் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இங்கேயிருந்து கொழும்புக்குப் பாய்மரத் தோணிகள் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும். போன இடத்தில் யாரோ ஒரு தோட்டத்துத் துரை வீட்டைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போயிருக்கிறார். வீட்டுச் சாமான்களோடு ஒரு சின்ன ஹார்ப்பும் ஏலத்துக்கு வந்திருக்கிறது. மிக்கேல் அதை வாங்கிப் பாய்த்துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்துவிட்டார். காரணம் அவருடைய ஒரே மகள் செலின். ஆறு வயது. அவர்களுடைய கத்தோலிக்கக் கோவில் கூரையில் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதன், ஹார்ப் வைத்திருக்கிற மாதிரி ஓவியம் இருந்தது. பூசை நேரத்தில் பீடத்தைப் பார்க்காமல் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். அந்தச் சாமான்தான் எனக்கு வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

நான் ஹார்ப்பை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். போய்ப் பார்த்தால் பாதி நரம்பு அறுந்து தொங்கியது. உப்புக் காற்றில் ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு நிற்குமா? மிக்கேலின் மைத்துனர் சந்தியாகு, அதாவது பிள்ளையின் தாய்மாமன், மீன்பிடிக்கிற ஆள். “நரம்புதானே? நான் கட்டுதேன்” என்று தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசியை எடுத்துவந்தார். நைலான் இழைதான். ஆனால் கட்டின விதம் இருக்கிறதே, பாய்மரத்துக்குக் கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கினார். படீரென்று அறுந்து கன்னத்தில் ஒரு கோடு போட்டது. செலின் சிரித்த சிரிப்பை நான் அந்த வீட்டில் முதலில் கேட்டது அப்போதுதான்.

“சிரிக்கியாளா நீ? மாமன் மூஞ்சி போச்சு, உனக்குப் பாட்டுக் கேக்கோ?” என்றார் சந்தியாகு கன்னத்தைத் தடவிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்து, “டீச்சர், இதுக்கு உங்க பைபிள்ல என்ன பேரு?” என்றார்.

“சுரமண்டலம்.”

“எங்க கோவில்ல சம்மனசு வச்சிருக்கு. அப்பம் ரெண்டு சபைக்கும் பொதுச் சாமான். சண்டை இல்ல.”

பிள்ளையின் தாய் பிலோமி அடுப்படியிலிருந்து, “முதல்ல அது சத்தம் போடட்டும். அப்புறம் சபையைப் பிரிக்கலாம்” என்றாள். கருவாடு தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. வார்த்தையையும் அப்படித்தான் பிரித்துப் போடுவாள்.

ஒவ்வொரு நரம்பாகக் கட்டி, தளர்த்தி, மறுபடி கட்டி ஒரு வழியாகச் சுருதிக்கு வந்தது. எந்த நரம்பு எது என்று பிள்ளைக்கு அடையாளம் தெரிய அங்கங்கே சிவப்பு நூல் சுற்றினேன். செலினுக்கு முன்னால் நான் படித்து, அவளுக்கு மறுநாள் சொல்லிக்கொடுத்தேன். சிறு பிள்ளைக்கு ஹார்ப் தொடங்குவது எப்படி என்பதெல்லாம் இப்போது உங்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கும். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை, கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், முக்காலி உயரம் சரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

என்ன பாட்டில் தொடங்கலாம் என்று யோசித்தபோது மிக்கேலே சொன்னார்.

“கோவில் பாட்டு பின்னால பாத்துக்கலாம் டீச்சர். நாங்க பாய் ஏத்தும்போது பாடுதோம்லா, அம்பா, அதைச் சொல்லிக்குடுங்க. கயித்தை இழுத்துக்கிட்டுத் தொண்டை கிழியப் பாடுற பாட்டு, சம்மனசு வாத்தியத்துல எப்படி இருக்குன்னு எனக்குக் கேக்கணும்.”

பாடிக்காட்டினார். நல்ல மெட்டு. அலை மாதிரி ஏறி ஏறி விழும். ஆனால் கேட்டு முடித்ததும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. மாடிப்படியில் கடைசிப் படி இல்லாத மாதிரி.

“இவ்வளவுதானா?”

“இன்னும் ஒரு அடி இருக்கு. அதை இப்பம் பாடப்படாது. பாயை ஏத்தும்போது மத்த அடியெல்லாம். திரும்பி வந்து நம்ம கரையில பாயை இறக்கும்போதுதான் கடைசி அடி. நாளைக் கழிச்சு நான் தோணி ஏறுதேன். ஆளு கடல்ல இருக்கும்போது வீட்டுல அந்த அடியைப் பாடுனா நடுக்கடல்ல பாய் இறங்கிப்போகும்னு எங்க தோணியில சொல்லுவாங்க.”

“நீங்க நம்புதீங்களா?”

“நம்புதனோ இல்லையோ, கடல்கிட்ட வாயாடக்கூடாது டீச்சர்.”

சரி என்றேன். நமக்கு வேடிக்கையாக இருக்கிற ஒரு வழக்கம் அந்த வீட்டுக்குக் கூரையாக இருக்கலாம். பாடம் சொல்லப் போகிறவர் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு மிக்கேல் இரண்டு முறை போய் வந்தார். அவர் வருகிற அன்றைக்குக் கரையில் பாய் இறங்கும். கடைசி அடியைத் தோணிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவதைச் செலின் மாமன் தோளில் உட்கார்ந்து கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் அந்த அடியைத் தகப்பனே வாயால் பாடி முடித்துவைப்பார். “விரலுக்கு அடுத்த தடவை” என்பார். அவளுக்கு மற்ற அடிகள் இன்னும் சரியாகப் படியவில்லை. அதனால் அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே வந்தது.

மூன்றாவது முறை ஐப்பசி கடைசியில் போனார். அவர் போன அதே வாரத்தில் புயல் அடித்தது. மற்றத் தோணிகள் ஒன்று இரண்டாகத் திரும்பின. பாய் கிழிந்து, மரம் ஒடிந்து எப்படியோ வந்துசேர்ந்தன. மிக்கேலின் தோணி வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தத் தோணியின் தண்ணீர்ப் பீப்பாயும் ஒரு பலகையும் வடக்கே ஒரு கரையில் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. ஆட்கள் யாரும் ஒதுங்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. உடல் கிடைக்காதவருக்கு வீட்டார் கோவில் சாமியாரிடம் போய்ப் பேரைக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் கோவில் நடுவில் கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டியை வைத்து இறந்தவர் பூசை வைப்பார்கள். பேரைக் கொடுக்கும்வரை அவர் கடலில் இருக்கிறவர்தான். பேரைக் கொடுத்துவிட்டால் அன்றோடு முடிந்தது. தாயோ பெண்சாதியோ வாய்திறந்து கொடுக்க வேண்டும். வேறு யாரும் முந்திக்கொள்ளமாட்டார்கள்.

தோணியில் போன மற்றவர்களின் வீடுகளில் ஒவ்வொருவராகப் பேரைக் கொடுத்துவிட்டார்கள். பிலோமி கொடுக்கவில்லை.

“பாடம் நிக்கக் கூடாது டீச்சர்,” என்றாள் என்னிடம். “அவுக வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஆனா அந்தக் கடைசி அடி வேண்டாம். அது அவுக வந்தப்புறம்.”

நானும் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கருவாட்டு வாடையும் ஹார்ப் சத்தமும் தவிர வேறு ஒன்றும் இல்லை. செலினுக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டது. அம்பாவின் மற்ற அடிகளெல்லாம் சுத்தமாக வந்தன. சரி, வேறு பாட்டுக்குப் போகலாம் என்று ஒரு தாலாட்டு மெட்டைக் கொடுத்தேன். அழகாக வாசித்தாள். கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் நிறுத்தி, உள்ளங்கையை நரம்புகள் மேல் வைத்து அமுக்கிவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் கை வந்து அமுக்கியது. வேறு ஒரு சின்னப் பயிற்சியைக் கொடுத்தேன், ஏறுவதும் இறங்குவதும்தான். அதிலும் கடைசி ஒன்றை விட்டுவிட்டாள். விரல் நுனி வலிக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அந்த நரம்பு முறுக்காக இருக்கிறதா என்று பார்த்தேன். பாட்டின் நடுவில் அதே நரம்பைத் தயங்காமல் மீட்டினாள். முடிவில் வந்தால் மட்டும் தொடமாட்டாள்.

பிலோமி எரிச்சலோடு வந்தாள். “அவுக போனதுலேருந்து இவளுக்கு மண்டையில ஒண்ணும் ஏறல. செபமாலை சொல்லும்போதும் இப்படித்தான். எல்லாத்தையும் சொல்லுதா, கடைசியில ஆமென் மட்டும் சொல்லமாட்டேங்கா. ரெண்டு போடு போடுங்க டீச்சர்.”

“போட்டா ஆமென் வரும், பாட்டு போயிரும்” என்றேன்.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கும் கை துறுதுறுக்கும். அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்துக் கடைசி நரம்பில் வைத்து, ‘இந்தா, இவ்வளவுதான்’ என்று மீட்டிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் சொன்னேனே, அந்தத் தப்பு மேயவில்லை. கட்டிப்போட்ட மாதிரி ஒரே இடத்தில் நின்றது. அதனால் விட்டுவைத்தேன். வாரக்கணக்கில் முடிவில்லாத பாட்டுகளாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், முடியாத பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசு காலம் வந்தது. ஒரு நாள் பிற்பகல் நான் போனபோது வாசலில் சந்தியாகும் தங்கை பிலோமியும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் இருவரையும் கடந்து உள்ளே போய்ச் செலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தாள். வெளியே பேசுவது உள்ளே தெளிவாகக் கேட்டது.

“நாளைக்குக் காலையில எல்லாருக்கும் சேத்துப் பூசை. சாயங்காலத்துக்குள்ள பேரைக் குடுத்துருவோம்னு சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன்,” என்றார் சந்தியாகு.

“யாரைக் கேட்டுச் சொன்ன?”

“ஏளா, நெருப்புன்னு சொன்னா வாயா வெந்துரும்?”

“வெந்தவளைக் கேட்டுச் சொல்லு அதை.”

“மத்த வீட்டுல எல்லாம் குடுத்துட்டாங்க பிலோமி. அவன் ஆத்மாவுக்கு ஒரு பூசை வேண்டாமா? நீ ஒருத்தி மட்டும் எத்தனை நாளு கதவைத் தொறந்து போட்டுக்கிட்டு இருப்ப?”

“எம்மவ இன்னும் கடைசி அடியை வாசிக்கலண்ணே. இந்த வீட்டுல ஒருத்தரும் அதைப் பாடல. அதைப் பாடாத வரைக்கும் அவுக பாய் இறங்கல. கடல்லதான் இருக்காக.”

செலின் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்துபோயிருந்தது.

அவள் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். “இன்னைக்கு நீ டீச்சர், நான் பிள்ளை. நான் வாசிக்கேன், தப்பாச் சொன்னா நீ திருத்து” என்று ஹார்ப்பை என் பக்கம் சாய்த்து, அந்தத் தாலாட்டை மெதுவாக வாசித்தேன். நடுவில் வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தப்பினேன். மூக்கைச் சுளித்துத் திருத்தினாள். முடிவுக்கு வந்தேன். கடைசி நரம்பில் என் விரல் படப்போகும்போது அவள் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், உங்க வீட்டு ஆளு எங்கன இருக்காக?”

“பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்காக.”

“கரையிலயா?”

“கரையிலதான்.”

“அப்பம் வாசிங்க.” கையை விட்டாள்.

நான் வாசிக்கவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டு, “நீ வாசிச்சா என்ன ஆகும் செலின்?” என்றேன்.

“நான் வாசிச்சிட்டேன்” என்றாள்.

அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள். வெளியே அவள் அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

“அப்பா போன மறுநாள். அம்மா தண்ணிக்குப் போயிருந்தா. கடைசி அடி விரல்ல எப்படி வரும்னு சும்மா பாத்தேன். மெதுவாத்தான் டீச்சர். சத்தமே வராம. கடலுக்குக் கேட்டிருச்சு.”

அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் இதை மடியில் கட்டிக்கொண்டு இந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்கிறது, தூங்கியிருக்கிறது, பக்கத்தில் படுத்திருந்த தாயிடம் மூச்சுவிடவில்லை. இன்னொரு பாட்டு முடிந்தால் இன்னொருவர் போய்விடுவார் என்று ஒவ்வொரு பாட்டையும் கையால் அமுக்கியிருக்கிறது.

நம் வேலையில் நெருக்கடி என்பது மேடையில் நரம்பு அறுவதோ பிள்ளை பாட்டை மறப்பதோ இல்லை. இதுதான். கையில் ஒரு வார்த்தை இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று அந்த நிமிடமே தெரிந்தாக வேண்டும்.

‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று நான் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். எடுபட்டிருக்காது. நான் மில்லர்புரத்து டீச்சர், வேறு சபைக்காரி, என் வீட்டு ஆள் கரையில் இருக்கிறவர். கடலைப் பற்றி நான் சொல்வதற்கு அந்த வீட்டில் என்ன விலை? அவள் அம்மா சொன்னால் நம்புவாள். ஆனால் அவள் அம்மா வாசலில் நின்று எதைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அதே கயிறுதான் இந்தப் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. பிள்ளையின் கழுத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் தாய் கையை விட வேண்டும். அதை அவளிடம் போய் யார் கேட்பது?

வாயை மூடிக்கொண்டு பாடத்தை முடித்துவிட்டுப் போயிருக்கலாம்தான். “ஊரான் வீட்டுப் பானையில அகப்பையை விடாதே” என்று என் அம்மா சொல்வாள். ஆனால் அகப்பை ஏற்கனவே என் கையில் வந்துவிட்டது.

“இங்கன இரு, வாரேன்” என்று செலினிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன்.

“பிலோமி, பிள்ளை கடைசி அடியை வாசிச்சிருக்கா. அவுக போன மறுநாளே. அதனாலதான் அப்பா போயிட்டாகன்னு நினைச்சிக்கிட்டு இருக்கா. அதுக்குத்தான் எந்தப் பாட்டையும் முடிக்கமாட்டேங்கா.”

சுற்றி வளைக்காமல் சொன்னேன். சில சேதிகளை மெதுவாகச் சொன்னால் கேட்கிறவருக்கு ஒரு அடிக்குப் பதில் பத்து அடி விழும்.

பிலோமி என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடி அவள் நம்பினாள். மகள்தான் செய்துவிட்டாள் என்று நம்பினாள். உதடு பிரிந்தது. அப்போது அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்திருந்தால், செலின் கிழவியாகும்வரை அதைச் சுமந்திருப்பாள். நான் சேதியை வைத்த இடம் தப்போ என்று நினைத்தேன்.

“ஏளா,” என்றார் சந்தியாகு மெதுவாக, “பிள்ளைளா அது.”

பிலோமி வாயை மூடிக்கொண்டாள்.

“பிலோமி,” என்றேன் உள்ளே கேட்காதபடி, “அந்த அடிக்கு ஆளை இறக்குற வலு இருக்குன்னா, அப்பனைக் கொன்னது உன் மகள்தான். வலு இல்லைன்னா…”

அவளே முடித்தாள்.

“வலு இல்லைன்னா, அதைப் பாடாம இருந்து அவுகளைக் கடல்ல நிறுத்தி வைக்கவும் முடியாது. அதானே டீச்சர்?”

பிலோமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்; துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். பிறகு உள்ளே போய்ச் செலினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நானும் சந்தியாகும் நிலைப்படியில் நின்றோம்.

“அம்மாவுக்கு இதைச் சொல்லிக்குடு” என்றாள்.

செலின் பயந்துபோய்ப் பார்த்தாள். பிலோமி ஹார்ப்பைத் தன் பக்கம் இழுத்து, கடைசி அடியை வாயால் முனகிக்கொண்டே விரலை விட்டாள். அவள் அதைத் தொட்டதே அன்றைக்குத்தான். செதிலும் உப்பும் ஊறிக் காய்த்த விரல். நரம்பு கனைத்தது. மெட்டு எங்கேயோ போனது. மறுபடி முனகினாள், மறுபடி தப்பாக இழுத்தாள். மூன்றாவது தடவை செலினால் பொறுக்க முடியவில்லை.

“அது இல்லம்மா. மேல உள்ளது.”

“எது?”

“இது.” தொட்டுக்காட்டினாள். அம்மா அதை விட்டு அதற்கு அடுத்ததை இழுத்தாள்.

“இல்லம்மா, இங்கன பாரு.” அவள் விரல் தானாகவே போய் அந்த அடியைத் தொடங்கிவிட்டது. தொடங்கினது கடைசி ஸ்வரம் வரைக்கும் போய் நின்றது. வாசித்துவிட்டோம் என்று தெரிந்ததும் உள்ளங்கை அமுக்க எழுந்தது. பிலோமி அந்தக் கையைப் பாதியில் பிடித்துக்கொண்டாள். தங்கூசி நரம்பு சீக்கிரம் அடங்காது. அது அடங்குகிறவரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

“கேட்டியா?” என்றாள் பிலோமி. “வெறும் பாட்டு இது. இதுக்கு ஒருத்தரை இறக்கவும் தெரியாது, ஏத்தவும் தெரியாது.”

“கடலுக்குக் கேக்கலையா?”

“கடலுக்குக் காது கெடையாது மக்கா. காத்து அடிச்சிது. உங்க அப்பா தோணியைக் காத்து கொண்டுபோச்சு. நீ இல்ல.”

அவள் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான் முதல் தடவை.

“அப்பம் அப்பா வரமாட்டாகளா?”

“வரமாட்டாக.”

அப்புறம்தான் பிள்ளை அழுதது. பிலோமி அழவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“அண்ணே, நான் வாரேன். பேரைக் குடுத்துருவோம்.”

மறுநாள் பூசைக்கு நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கறுப்புத் துணி போர்த்திய பெட்டி நடுவில் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று அந்தக் கோவிலில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அதைத் தூக்க வந்தவர்கள் கனமான ஒன்றைத் தூக்குகிற மாதிரிதான் குனிந்தார்கள். செலின் அன்றைக்கு அண்ணாந்து பார்க்கவேயில்லை. எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள். அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

பிள்ளையை ஆற்றிவிட்டோம் என்று நீங்கள் நினைத்தால், அது பாதிதான். நான் செய்தது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். மறுபடி அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையே செய்வேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தலையிலிருந்து இறக்கின சுமை தரையில் விழுவதில்லை. அதை வாங்கிக்கொண்ட தலை எது என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

அடுத்த வாரம் பாடத்துக்குப் போனபோது பிலோமி வெள்ளைச் சேலையில் இருந்தாள். செலின் அந்தத் தாலாட்டை வாசித்தாள், முழுசாக. கடைசி ஸ்வரத்தை நன்றாக இழுத்து ஒலிக்கவிட்டு, எப்படி என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன். பாட்டு முடியப்போகிற இடம் வந்ததும் அடுப்படியிலிருந்த பிலோமி குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். முடிந்த பிறகு வந்தாள். குடத்தில் தண்ணீர் இல்லை. அடுத்த பாட்டு முடியும்போதும் போனாள்.

பாடம் முடிந்து நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசல்வரை வந்து நின்றாள்.

“டீச்சர்.”

“சொல்லு பிலோமி.”

“அடுத்தாப்புல சொல்லிக்குடுக்கது கொஞ்சம் நீளமான பாட்டாப் பாத்துச் சொல்லிக்குடுங்க.”

சரி என்றேன். மில்லர்புரம் போகிற வழியெல்லாம், எனக்குத் தெரிந்ததில் எது நீளம் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் பாடிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டன.